ஊர் விட்டு ஊர் சென்ற பானகம்

(இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு)

விழா என்றவுடன் நம் நினைவிற்கு முதலில் வருவன புத்தாடையும் பலகாரமும் ஆகும். புத்தாடைக்குப் பணம் வேண்டும். பலகாரத்திற்கு அடுப்பு வேண்டும். அடுப்பைச் சுற்றி நான்கு பேர் வேண்டும். ஊரை விட்டு வந்து விடுதியிலோ, தோட்டத்து லயத்திலோ, வாடகை அறையிலோ வாழ்பவர்க்கு இவை எளிதில் கிட்டுவதில்லை. ஆனால் அடுப்பே பற்றவைக்காமல், ஐந்தாறு பொருள்களைக் கொண்டு, எந்த ஊரிலும் எவரும் செய்து விழாவை விழாவாக்கக்கூடிய ஒன்று நம்மிடம் உண்டு. அதுவே பானகம். எங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் பலர் இதனைப் பானக்கரம் என்றும் கூறுவர். இதனுள் அடங்கிய அறிவியலையும், ஊர் விட்டு ஊர் சென்றாலும் இது கெடாமல் வாழும் விதத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பானகம் என்பது யாது?

வெல்லம் கரைத்த நீரில் புளிப்பும் காரமும் மணமும் சேர்த்தால் அது பானகம். புளிப்பிற்கு எலுமிச்சை அல்லது புளி, காரத்திற்குச் சுக்கு, சில வீடுகளில் மிளகு, மணத்திற்கு ஏலக்காய். ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பர். கோயில்களில் துளசியும் கடுகளவு பச்சைக் கர்ப்பூரமும் சேர்வதுண்டு.

ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் படைப்பது தமிழகத்தில் மட்டுமன்றி ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் வழக்கமாகும். எங்கள் பகுதியிலோ பானகத்தின் பெரிய நாள்கள் சித்திரையில் வருகின்றன. தேனிக்கு அருகே முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில், சித்திரைக் கடைசிச் செவ்வாயன்று தொடங்கி எட்டு நாள் திருவிழா நடைபெறும். தீச்சட்டி ஏந்திக் கொதிக்கும் வெயிலில் வருவோர்க்கு வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் அமைத்துப் பானகமும் மோரும் வழங்குவார்கள். அந்நாள்களில் எங்கள் தெருவில் பானகம் கரைக்காத வீடு அரிது. வாசலில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு மூடி, மூடியின்மேல் ஒரு டம்ளர். யார் வேண்டுமானாலும் எடுத்துக் குடிக்கலாம்.

பொருள்களும் அவற்றின் வேலையும்

ஒரு லிட்டர் நீருக்கு எங்கள் வீட்டு அளவு இது: வெல்லம் 150 கிராம், எலுமிச்சை ஒன்று அல்லது சிறு நெல்லிக்காய் அளவு புளி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை. வெல்லத்தை முதலில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுதல் இன்றியமையாதது. கரும்புச் சக்கையும் மண்ணும் அதில் தங்கிவிடும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் வெளுப்பதற்கு இரசாயனம் இடப்பட்டது. ஆகவே கருத்த வெல்லமே பானகத்திற்கு ஏற்றது.

வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. சிறு அளவில் குளுக்கோசும் ஃப்ரக்டோசும் தாது உப்புகளும் உள்ளன. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், புளியில் டார்டாரிக் அமிலமும் உண்டு. இனிப்பு மட்டும் இருந்தால் இரண்டாவது டம்ளர் திகட்டும். புளிப்பு அத்திகட்டலை மாற்றுகிறது.

சுக்கின் காரம் இஞ்சியின் காரத்தினும் மிகுதி என்பதை யாவரும் நாவால் அறிவோம். காரணம் என்னவெனில், பச்சை இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் என்னும் பொருள், காயும்போது நீர் மூலக்கூற்றை இழந்து ஷோகால் என்னும் பொருளாக மாறுகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம். ஏலக்காயின் மணத்திற்கு முதன்மையான காரணிகள் சினியோலும் டெர்பினைல் அசிட்டேட்டும் ஆகும். இவற்றுள் சினியோல், குளிர்ச்சியை உணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டவல்லது. சுக்கோ, வெப்பத்தை உணர்த்தும் முனைகளைத் தூண்டுகிறது. ஒரே மடக்கில் தொண்டையில் குளிர்ச்சியும் நெஞ்சில் வெதுவெதுப்பும் தோன்றுவதன் மருமம் இதுவே.

ஏலத்தின் மணஎண்ணெய் தோலில் இல்லை. உள்ளிருக்கும் கரிய விதையிலேயே உள்ளது. தோல் அதனைக் காக்கும் உறை மட்டுமே. எனவே முன்னரே பொடித்து வைத்த ஏலப்பொடியைவிட, கரைக்கும் நேரத்தில் தட்டிப் போடும் காய்க்கு மணம் மிகுதி. இவ்வெண்ணெய் நீரில் எளிதில் கரையாது. மேலே மிதந்து ஆவியாகும். நாவில் படுவதற்கு முன்பே பானகம் மூக்கில் இனிப்பது இதனாலேயே.

பானையின் பங்கு

பானகத்தை மண்பானையில் வைப்பதில் இரு நன்மைகள் உள்ளன. முதலாவது, புளிப்பு அமிலமாதலால் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் நெடுநேரம் வைத்தால் செம்பு கரைந்து கலந்து கேடு விளைவிக்கும். மண்பானையில் அவ்வச்சம் இல்லை. இரண்டாவது குளிர்ச்சி. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. பத்து லிட்டர்ப் பானையில் நூறு கிராம் நீர் ஆவியானால், கணக்கின்படி மீதி நீரின் வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைய வேண்டும். வெளி வெப்பம் உள்ளே புகுவதால் நடைமுறையில் சற்றுக் குறைவாகவே குளிரும்.

இம்முறை காற்று உலர்ந்திருந்தால்தான் பலிக்கும். போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி மழை மறைவில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபுறத்தில் கொட்டிவிட, எங்களுக்குக் காற்றும் சாரலுமே மிச்சம். சித்திரை வெயிலில் எங்கள் பானை நன்றாகக் குளிரும். ஆனால் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறிவிட்டால் நிலைமை வேறு. மூடுபனி இறங்கும் இடத்தில் ஈரக்காற்றில் பானை குளிராது. குளிரவேண்டிய தேவையும் இல்லை. அங்கே பானகம் குடிப்போர் அதனைச் சற்று வெதுவெதுப்பாகக் குடிப்பதும் உண்டு.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்குதல் நலம். பானகத்தைச் சிலர் வயிற்றுப்போக்கிற்கு மருந்தாகக் கருதுகின்றனர். 1971ஆம் ஆண்டு வங்க அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரால் காலராவில் எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஆனால் அந்நீரின் அளவுகள் நுட்பமானவை. 2002இல் உலக நல நிறுவனம் வகுத்த முறைப்படி, ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம். பானகத்திலோ சர்க்கரை பன்மடங்கு. உப்பு ஒரு சிட்டிகை. ஆகவே அது விழாப் பானமே அன்றி மருந்தன்று. நீரிழிவு உள்ளோர் அளவறிந்து அருந்துவதும், கரைத்த அன்றே தீர்த்துவிடுவதும் நன்று, மறுநாள் நொதித்துவிடும்.

ஏலம் வரும் வழி

பானகத்தின் பொருள்களுள் விலை மிகுந்தது ஏலக்காய். அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கூறாமல் போடியைச் சேர்ந்தவள் இக்கட்டுரையை முடித்தல் ஆகாது. ஏலமலை இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் அங்கு விளையும் காய்க்குப் போடி நெடுங்காலமாகச் சந்தை. இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம், கேரளத்துப் புற்றடியிலும் தமிழகத்துப் போடியிலும் நடைபெறுகிறது. தமிழில் காய்க்கும் ஏலம் என்று பெயர். கூவி விற்பதற்கும் ஏலம் என்று பெயர். முன்னது வடமொழியின் ஏலாவோடு உறவுடையது. பின்னது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல் என்பர். இரண்டும் ஒரே ஊரில் சந்தித்துக்கொண்டது தமிழின் குறும்பு எனலாம்.

விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மலை கடந்து, தோட்டத்தில் காய் எடுத்து, பொழுது சாயத் திரும்புவோர் எங்கள் பகுதியில் ஏராளம். அவர்களுள் பெண்களே மிகுதி. காய் செடியின் தூரில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். எனவே நாள் முழுதும் குனிந்தோ குந்தியோதான் எடுக்கவேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் முற்றலும் சேர்ந்திருப்பதால் விளைந்த காயைப் பார்த்துப் பறித்து, ஒன்றரை மாத அளவில் மீண்டும் அதே செடிக்கு வருவார்கள். நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் வாட்டினால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். பின்னர் போடியில் அதனைச் சலித்து, வெடித்த காய், நிறம் மங்கிய காய், சிறு காய் என்று பொறுக்கித் தரம் பிரிப்பதும் பெண்களே.

2019 ஆகஸ்டு மாதம், வறட்சியால் விளைச்சல் குன்றியபோது, புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரை உயர்ந்தது. பருத்த பச்சைக் காய் பெருநகரங்களுக்கும் அரபு நாடுகளுக்கும் செல்லும். பொறுக்கிய கைகளின் வீட்டுப் பானகத்திலோ வெடித்த காயே விழும். விதை வெளிப்பட்ட காயில் மணம் விரைவில் குன்றும் என்பது மேலே கூறிய அறிவியல். அதனால்தான் எங்கள் வீடுகளில் நான்கு காய்க்கு ஆறு காய் போடுவார்கள் போலும்!

பிறர் வீட்டு விழாக்களில் எங்கள் காய்

எங்கள் மலையின் காய் பிற நாட்டார் விழாக்களிலும் அமர்ந்திருக்கிறது. அரபு நாட்டார் பெருநாளிலும் விருந்திலும் அளிக்கும் காப்பியில் ஏலம் தட்டிப் போடுவர். அக்காப்பியை விருந்தோம்பலின் அடையாளமாக ஏற்று, 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுவீடன் நாட்டார் கிறிஸ்துமஸ் காலக் குளிரில் காய்ச்சிக் குடிக்கும் பானத்திலும் ஏலமும் இலவங்கமும் பட்டையும் உண்டு. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டிற்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலச்செடி சென்றது. இன்று அந்நாடு ஏல விளைச்சலில் உலகின் முன்னணியில் நிற்கிறது. எனினும் அந்நாட்டார் உணவில் ஏலத்திற்கு இடம் மிகக் குறைவு. விளைவதில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. விளைப்பவர் வேறு, சுவைப்பவர் வேறு என்னும் நிலை எங்கள் மலைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

எல்லை மூடிய சித்திரை

விழாவை வெளியூரில் கொண்டாடுவது என்பது என்ன என்று நான் உணர்ந்தது 2020ஆம் ஆண்டில்தான். மார்ச்சு 25இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன் என் தாயார் மலைத்தோட்டம் ஒன்றில் பத்து நாள் தங்கி வேலை பார்க்கச் சென்றிருந்தார்கள். எல்லை மூடப்பட்டது. பத்து நாள் என்பது இரண்டு மாதத்திற்கும் மேலாயிற்று. அவ்வாண்டுச் சித்திரையில் எங்கள் பக்கத்தில் திருவிழாவும் இல்லை. தண்ணீர்ப் பந்தலும் இல்லை. வீட்டில் தாயாரும் இல்லை. அப்பாவும் தம்பியும் நானும் சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை தாயார், சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று பேசினார்கள். “பானக்கரம் கரைச்சீங்களா தாயி?” என்பதே முதற் கேள்வி. “நீ இல்லாம யாரும்மா கரைக்கிறது?” என்றேன். “நான் இங்க கரைச்சுட்டேன். புளி இல்ல. நாரத்தங்கா ஒண்ணு கெடச்சது, அதைப் பிழிஞ்சேன். லயத்துல எட்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு சொம்பு குடுத்தேன்” என்றார்கள்.

அந்த லயத்தில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் மூன்று. மற்றவை ஜார்க்கண்டிலிருந்து வந்தவை. அவர்களும் ஊர் திரும்ப வழியின்றி அங்கேயே இருந்தனர். பானகத்தைக் குடித்த வடநாட்டுப் பெண் ஒருத்தி, தன் ஊரில் மாங்காயைச் சுட்டுப் பிசைந்து, சர்க்கரையும் உப்பும் சேர்த்து இப்படித்தான் கோடையில் கரைப்போம், அதற்கு ஆம் பன்னா என்று பெயர் என்றாளாம். பன்னா என்பதும் பானகம் என்பதும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள் என்பதை நான் இக்கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். மராட்டியர் பன்ஹே என்பதும் அதுவே. மொழி தெரியாத இருவர் ஒரு லயத்து வாசலில் நின்று, அகராதியின் துணையின்றியே இவ்வுறவைக் கண்டுபிடித்துவிட்டனர்!

“அங்க விழாவே இல்லையே, எதுக்கும்மா கரைச்ச?” என்று நான் கேட்டதற்குத் தாயார் சொன்ன விடை இது: “நமக்கு மட்டும்னா நானும் கரைச்சிருக்க மாட்டேன். பக்கத்துல எட்டு வீடு இருக்கே.” மறுநாள் காலை நானும் தம்பியும் பானகம் கரைத்தோம். கூட்டம் கூடாத காலமாதலால் பானையை வாசலில் வைக்கவில்லை. செம்பில் ஊற்றி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நின்றோம்.

கொடுத்தால்தான் பானகம்

என் தாயாரின் விடையில் பானகத்தின் இலக்கணம் முழுதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். பானகத்திற்கு எல்லா ஊர்களிலும் பொதுவான விதி ஒன்று உண்டு. அது தன் தேவைக்கு மேல் கரைக்கப்பட வேண்டும். மீதி பிறர்க்குச் செல்ல வேண்டும். ஆந்திரத்தின் மங்களகிரியில் நரசிம்மருக்குப் பானகமே நிவேதனம். திருவாயில் ஊற்றும் பானகத்தில் பாதியை ஏற்று, பாதியை அடியார்க்கு விட்டுவிடுவார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. மலேசியாவின் பத்துமலையில் தைப்பூசத்தன்று தமிழர் அமைக்கும் தண்ணீர்ப் பந்தல்களிலும், காவடி எடுப்பவர் யார் எவர் என்று கேட்பதில்லை. கடல் கடந்து சென்ற நம் முன்னோர்க்குச் சொந்த ஊரின் தேரும் தெப்பமும் உடன் வரவில்லை. பந்தலும் குவளையும் உடன் சென்றன. கொண்டு செல்ல எளிதானது நிலைத்தது.

நம் விடுதியிலும் இதனைச் சோதித்துப் பார்த்தோம். சென்ற ஆண்டு பருவத் தேர்வுக் காலத்தில் விழா வந்ததால் எவராலும் ஊருக்குச் செல்ல இயலவில்லை. காப்பாளர் அம்மையாரின் இசைவுடன் அறுபது பேருக்கு ஆளுக்கு 200 மில்லி வீதம் 12 லிட்டர் கரைத்தோம். வெல்லம் 1.8 கிலோ, எலுமிச்சை 12, ஏலக்காய் 48. காய்ச்சி ஆறவைத்த நீரையே பயன்படுத்தினோம். ஏலம் என் தாயார் அனுப்பிய பொட்டலத்திலிருந்து வந்தது.

கரைக்கும்போதுதான் வழக்கு மூண்டது. கும்பகோணத்துத் தோழி எலுமிச்சையும் பச்சைக் கர்ப்பூரமும் இன்றிப் பானகமில்லை என்றாள். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுத் தோழி, மிளகில்லாப் பானகத்தைச் சாமி தொடாது என்றாள். நான் புளிக்காக வாதாடினேன். முடிவில் எலுமிச்சை வென்றது, மிளகு உடன் சேர்ந்தது, கர்ப்பூரம் கடுகளவு விழுந்தது, புளி தோற்றது. விழாவிற்குத் தொடர்பில்லாத கிறித்தவ, இசுலாமியத் தோழியரும் டம்ளருடன் வந்தனர். சமையற்கூடத்து அக்காமாரும் வாயிற்காவலரும் குடித்தனர். எவருடைய வீட்டுச் சுவையும் அதில் முழுமையாக இல்லை. ஆயினும், “எங்க வீட்ல இன்னும் கொஞ்சம் சுக்கு தூக்கலா இருக்கும்” என்று அறுபது பேரும் தத்தம் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். தேர்வு நாளில் விடுதியில் அவ்வளவு பேச்சொலியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

முடிவுரை

விழாக்கள் சுருங்கி வருவதாகப் பெரியோர் வருந்துகின்றனர். ஊர் விட்டு ஊர் செல்வதைத் தவிர்க்க இயலாத காலம் இது. படிப்பிற்காக நாம் வந்துள்ளோம். பிழைப்பிற்காக ஜார்க்கண்டிலிருந்து ஏலமலைக்கும், ஏலமலைக்கருகிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மக்கள் செல்கின்றனர். செல்லுமிடமெல்லாம் வீட்டைச் சுமந்து செல்ல முடியாது. ஒரு பொட்டலம் வெல்லமும் சுக்கும் ஏலமும் சுமையன்று.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ஆண்டுதோறும் சித்திரையில் நம் கல்லூரி வாயிலில் மாணவர் சார்பில் ஒரு தண்ணீர்ப் பந்தல் அமைய வேண்டும். வேதியியல் துறையினர் அளவைப் பார்த்துக்கொள்கிறோம்; தமிழ்த் துறையினர் பெயர்ப்பலகை எழுதட்டும். மற்றொன்று, அதில் தட்டிப் போடும் ஒவ்வொரு ஏலக்காயையும் குனிந்து எடுத்த கை ஒன்று உண்டு என்பதை நாம் மறவாதிருக்க வேண்டும். அக்கைகளுக்கு உரிய கூலியும், மலைப்பாதையில் அச்சமற்ற பயணமும், தங்கும் லயத்தில் நல்ல நீரும் கிடைக்க வேண்டும் என்று பட்டம் பெற்றுப் பதவிகளுக்குச் செல்லும் நாம் நினைத்தால் அது நடவாத செயலன்று.

போடிக்கு வருவோரைப் புளிப் பானகத்துடன் வரவேற்க எங்கள் வீடு காத்திருக்கிறது. அங்கே வழக்கு மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும்!